ஆற்றின் கணக்கு நோட்டு நம் கையிலும் இருக்கட்டும்!

(நொய்யல் கரை கிராமங்களில் நடந்த கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கடன், கொள்முதல் விலை, உரத் தட்டுப்பாடு இதுக்கெல்லாம் தனித்தனியாகக் கூட்டம் போட்டிருக்கிறோம், இனியும் போடுவோம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். நம்ம ஆத்துத் தண்ணியையும் கிணத்துத் தண்ணியையும் யார் அளக்கறாங்க? எந்த இடத்தில், எந்த நேரத்தில் அளக்கறாங்க? அளந்த கணக்கை யாருக்குக் காட்டறாங்க?

"அது அதிகாரி வேலை, நமக்கு எதுக்குங்க?" என்று சிலர் கேட்கலாம். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். டிகிரி பார்த்து எழுதுகிறவர் ஒரு புள்ளி குறைத்து எழுதினால் நாம் சும்மா வருகிறோமா? "இன்னொருக்கா பாருங்க" என்கிறோம். பருத்தி எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்கிறோம். ஒரு லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ பருத்திக்கும் இவ்வளவு கவனம் உள்ள நாம், ஆயுசுக்கும் சோறு போடுகிற தண்ணீரை அளக்கும்போது மட்டும் பக்கத்தில் இல்லை. இனிமேல் பக்கத்தில் நிற்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

நொய்யல் நமக்குச் சொன்ன பாடம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என நான்கு மாவட்டங்களைத் தொட்டுக் காவிரியில் சேர்கிற ஆறு நம்முடையது. இதை நம்பி 1990களின் தொடக்கத்தில் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் பாசனம் பெறும் என்றார்கள். தண்ணீர் தேங்கியது, கூடவே சாயக்கழிவும் தேங்கியது. தண்ணீர் தேங்கினாலே ஜனங்கள் பயப்படுகிற அணையாக அது ஆகிப்போனது. ஆற்றோரத்தில் மஞ்சள் போய்த் தென்னை வந்தது. தென்னையில் குரும்பை கொட்ட ஆரம்பித்தது. கடைசியில் மண் வெள்ளையாகப் பூத்து, சீமைக்கருவேலம்தான் மிச்சம் என்றானது.

நம் விவசாயிகள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 2003இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. சாயக்கழிவு ஒரு சொட்டுகூட ஆற்றுக்கு வரக்கூடாது, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். பட்டறை முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பு சரிதான் என்று சொன்னது. அப்புறமும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

இந்த வெற்றி எதனால் வந்தது? ஆவேசம் மட்டும் போதவில்லை. நீதிமன்றத்தில் அளவு பேசியது. கிணற்றில் உப்பு இவ்வளவு, அணையில் இவ்வளவு, மண்ணில் இவ்வளவு என்று எண் வந்து நின்ற பிறகுதான் யாராலும் மறுக்க முடியவில்லை.

நஷ்ட ஈட்டுக் கதையையும் பாருங்கள். பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புப்படி, சுற்றுச்சூழல் இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைந்தது. அந்த ஆணையம் 2004இல் நொய்யல் பகுதிக்குக் கணக்குப் போட்டது. 68 கிராமங்கள், 28,596 விவசாயிகள், மொத்தம் சுமார் 24 கோடியே 79 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு சராசரியாக 8,700 ரூபாய்கூட வரவில்லை. ஒரு நல்ல கறவை மாடு வாங்க முடியுமா இந்தப் பணத்தில்? அந்த அற்பத் தொகையும் கணக்கில் ஏறிய ஊருக்கும் கணக்கில் ஏறிய ஆளுக்கும்தான். அளந்து எழுதாத நஷ்டத்துக்குச் சட்டத்தின் முன்னால் விலை இல்லை. இதை மனசில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழாய்க்கு ஒரு அளவு, வயலுக்கு ஒரு அளவு

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, நம்ம வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்குதான்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்க மின்கடத்தும் திறனை அளப்பார்கள். மண் பரிசோதனை அட்டையில் ஈ.சி. என்று இருக்கிறதே, அதுதான். உப்புக் கூடினால் ஈ.சி. கூடும். பாசனத்துக்கு ஏற்ற தண்ணீரில் இது 2,250க்கு மேல் போகக்கூடாது என்று மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியமே வகுத்து வைத்திருக்கிறது. இந்த 2,250 என்ற எண்ணை ஊர்ச் சாவடிச் சுவரில் எழுதிப் போடுங்கள்.

இன்னொரு எண் இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கு வைத்த அளவு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு. ஈ.சி.யை 0.64ஆல் பெருக்கினால் கரைந்த உப்பு ஏறக்குறைய வந்துவிடும். அப்படிப் பார்த்தால் 2,250 ஈ.சி. என்பது சுமார் 1,440 மில்லிகிராம். அதாவது குழாய் வாயில் 2,100 வரை சட்டப்படி சரி. நம் வயலில் 1,440ஐத் தாண்டினாலே பயிருக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை யார் சுமப்பது?

ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், கழிவு அதில் கலந்து உப்புக் குறைந்துவிடும் என்ற நினைப்பில் வைத்த அளவு அது. காவிரி மாதிரி ஆற்றுக்கு அது ஒருவேளை பொருந்தலாம். வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கிற நொய்யலில் கலப்பதற்கு நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? குழாயில் வருவதுதான் ஆறு என்றாகிவிட்டது. "நாங்க அளவுக்கு உள்ளேதான் விடறோம்" என்று சொன்னாலும் நம் காடு அழிந்துபோகும். ஒரு சொட்டும் விடக்கூடாது என்ற உத்தரவின் நியாயம் இதுதான். சாயம் ஏற்றப் போடுகிற உப்பு வண்டலோடு அடியில் படியாது. சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்தால் நிறம் போகும், உப்பு அப்படியே நிற்கும். சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி எடுத்தால்தான் உப்பு பிரியும். அதற்குக் கரண்டு செலவு அதிகம். செலவு அதிகமான இடத்தில்தான் கண்காணிப்பும் அதிகமாக இருக்க வேண்டும்.

மூன்று நகல், நமக்கு ஒன்றுமில்லை

கண்காணிப்பு எப்படி நடக்கிறது? 1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 21ஆவது பிரிவுப்படி அதிகாரி தொழிற்சாலைக்குப் போகிறார். மாதிரி எடுக்கப்போகிறேன் என்று தொழிற்சாலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புத் தருகிறார். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஆலைக்காரர் இருக்கிறார், அதிகாரி இருக்கிறார். பாதிக்கப்படுகிறவன் எங்கே?

22ஆவது பிரிவைப் பாருங்கள். ஆய்வறிக்கையில் மூன்று நகல். ஒன்று ஆலைக்காரருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்காகப் பத்திரப்படுத்த, ஒன்று வாரியத்துக்கு. ஆற்றில் இறங்கி மடை திருப்புகிற நமக்கு நாலாவது நகல் சட்டத்தில் இல்லை. நமக்கு வேண்டியது அந்த நாலாவது நகல்.

மாதிரி எடுக்கிற நேரமும் முக்கியம். ராத்திரி இரண்டு மணிக்கு, நல்ல மழையில், ஓடைத் தண்ணீரோடு தண்ணீராக எவனோ திறந்துவிட்டால், மறுநாள் வெயில் ஏறிய பிறகு எடுக்கிற பாட்டிலில் என்ன இருக்கும்? 2014 பிப்ரவரியில் மத்திய வாரியம் ஓர் உத்தரவு போட்டது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொது சுத்திகரிப்பு நிலையங்களும் ராப்பகலாக அளந்து நேரடியாக அனுப்புகிற கருவியைப் பொருத்த வேண்டும் என்றது. வரவேற்கிறோம். ஆனால் கருவி தெரிந்த குழாயில்தான் உட்கார்ந்திருக்கும். தெரியாத குழாய்க்கு நாம்தான் கண்.

சட்டத்தில் நமக்கு இடமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் 25ஆவது பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. எந்த ஆலைக்கு என்ன நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள் என்று வாரியம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தக் கழிவால் பாதிக்கப்படுகிற எவரும் அதைப் பார்க்கலாம். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவேட்டைப் பார்க்கிற உரிமையோடு, சான்றளித்த மாதிரி எடுத்துக்கொள்கிற உரிமையும் அந்தச் சட்டத்தின் 2ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும் இது? ஓர் அலுவலகத்தில் நம் சங்கத்துக்காரர்கள் போய்ப் பதிவேடு கேட்டபோது, "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். "அந்தக் குழாய்க்குக் கீழே கிணறு வெச்சிருக்கறவங்க" என்று சொன்னோம். சட்டப்படி அந்தப் பதில் போதும்.

எடுக்கிற தண்ணீருக்கும் கணக்கு வேண்டும்

விடுகிற கழிவு ஒரு பக்கம். பூமியிலிருந்து உறிஞ்சுகிற தண்ணீர் மறுபக்கம். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 1,166 பிர்காக்கள். அதில் 435இல் நிலத்தடி நீரை ஊறுவதற்கு மேல் எடுத்துவிட்டார்கள். இந்தக் கணக்கைப் பிர்கா பிர்காவாக எடுக்கிறார்கள், ஆங்காங்கே கண்காணிப்புக் கிணறு வைத்து நீர்மட்டம் பார்க்கிறார்கள். ஆனால் உங்கள் ஊரில் அந்தக் கண்காணிப்புக் கிணறு எது என்று கேட்டால் எத்தனை பேர் கை காட்டுவீர்கள்?

இங்கே ஒரு பயம் நம் எல்லோர் மனசிலும் இருக்கிறது. "அளவு அளவுன்னு பேசப்போய், கடைசியில நம்ம கிணத்து மோட்டாருக்கு மீட்டர் வெச்சுருவானுகளோ?" நியாயமான பயம்தான். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்த மண் இது. நாராயணசாமி நாயுடு கூப்பிட்டபோது மாட்டு வண்டியோடு ரோட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாம். நம் சங்கத்தின் நிலையில் மாற்றமில்லை. சிறு விவசாயியின் மோட்டாரில் கை வைக்க விடமாட்டோம்.

நாம் கேட்கிற மீட்டர் வேறு. ராத்திரி பகலாக ஓடுகிற தண்ணி லாரிக்கு மீட்டர். ஆலைக்குள் 1,000 அடிக்குப் போட்ட ஆழ்குழாய்க்கு மீட்டர். வியாபாரத்துக்குத் தண்ணீர் எடுக்க அனுமதி வேண்டும் என்று 2014லேயே அரசாணை இருக்கிறது. அந்த அனுமதியில் எத்தனை லிட்டர் எழுதியிருக்கிறது, எத்தனை லிட்டர் போகிறது என்பதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டாமா? நாலு ஏக்கர் சோளக்காரன் கிணறு வற்றினால் "மழை இல்லை" என்கிறார்கள். பக்கத்திலேயே லாரி நிரம்புவதற்கு மழை எங்கிருந்து வந்தது?

ஆறு போகிற வழியில் எல்லை

நான்கு மாவட்டத்து ஆறு நம்முடையது என்று முதலில் சொன்னோம். மேலே கேட்டால் "அது கீழே உள்ள மாவட்டம்" என்கிறார்கள். கீழே கேட்டால் "தப்பு மேலே நடக்குது" என்கிறார்கள். கழிவுக்கு மாவட்ட எல்லை தெரியாது, கோப்புக்கு மட்டும் தெரிகிறது. வேறு எங்கேயாவது இதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று தேடிப் படித்ததில் நியூசிலாந்தைப் பற்றித் தெரிந்தது. 1989இல் அந்த நாட்டில் வட்டாரக் கவுன்சில்கள் அமைத்தபோது, பெரும்பாலும் ஆற்றின் நீர்பிடிப்புப் பகுதியை வைத்தே எல்லை வகுத்தார்கள். 1991இல் வந்த சட்டம், தன் வட்டாரத்து ஆறு, மண், காற்று எல்லாவற்றின் நிலையையும் தொடர்ந்து கண்காணிக்கிற கடமையைக் கவுன்சில் தலையில் வைத்தது. 2010இல், அனுமதி பெற்று விநாடிக்கு 5 லிட்டரோ அதற்கு மேலோ தண்ணீர் எடுக்கிறவர்கள் அளந்து கவுன்சிலுக்குக் கணக்குத் தர வேண்டும் என்று விதி வந்தது.

அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பெரிய பால்பண்ணைகளால் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறுகிறது என்ற சண்டை அங்கேயும் உண்டு. அந்த நாட்டுச் சட்டத்தை இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. ஆற்றுக்கு எல்லை ஆறு போகிற வழியில் இருக்க வேண்டும், பெரிதாக எடுக்கிறவன் முதலில் கணக்குக் காட்ட வேண்டும். இந்த இரண்டு யோசனை நமக்குப் போதும்.

ஊருக்கு ஒரு நோட்டு

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். அதுவரை நாம் கை கட்டி உட்கார முடியாது. சங்கம் ஒரு வேலையைத் தொடங்குகிறது.

ஒவ்வொரு ஊரிலும் ஆற்றை ஒட்டி இரண்டு, தள்ளி இரண்டு என நாலு கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் அமாவாசையும் அளக்கும் நாள். அன்றைக்கு ஏர் பூட்டமாட்டோம், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், தேதியும் மறக்காது. மோட்டாரைப் போடுவதற்கு முன் கயிறு விட்டு நீர்மட்டம் பாருங்கள். பிறகு பத்து நிமிஷம் மோட்டார் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, கையடக்க மீட்டரில் ஈ.சி. பாருங்கள். மீட்டர் சங்கம் வாங்கித் தரும். விலை ஒன்றும் டிராக்டர் விலை இல்லை. ஈ.சி. காட்டுகிற மீட்டரே வேண்டும். உப்பை மட்டும் காட்டுகிற மலிவு மீட்டர் ஆளுக்கு ஒரு எண் சொல்லும்.

நாற்பது பக்க நோட்டில் தேதி, கிணற்றுக்காரர் பெயர், நீர்மட்டம், ஈ.சி., அன்றைக்குப் பெய்த மழை, ஆற்றில் நுரை அல்லது நிறம், கிணற்றில் என்ன பயிர் என்று எழுதுங்கள். எழுதுகிற பொறுப்பைப் பிளஸ் டூ படிக்கிற பொண்ணு பையன்களிடம் கொடுங்கள். கீழே பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை அதே கிணற்றுத் தண்ணீரை அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, நம் மீட்டர் சரிதானா என்று ஒத்துப் பார்த்து, அந்த அட்டையை நோட்டில் ஒட்டிவையுங்கள். கூடவும் எழுதாதீர்கள், குறைத்தும் எழுதாதீர்கள். உப்புக் குறைந்த மாசத்தில் குறைந்தது என்றே எழுதுங்கள். ஒரு பொய் எண் புகுந்தால் நூறு நிஜ எண்ணும் செத்துப்போகும்.

இந்த நோட்டை வைத்தே தீர்ப்பு வாங்கிவிட முடியாது. ஆனால் "உங்க கிணறு எப்போதிருந்து இப்படி?" என்று அதிகாரியோ நீதிபதியோ கேட்டால், "ரொம்ப நாளா இப்படித்தாங்க" என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. எந்த அமாவாசையில் ஏறியது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் தொழிலுக்கு எதிரி இல்லை. காலையில் பனியன் கம்பெனி வேன் வரும்போது ஏறிப்போவது நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். 2011இல் பட்டறை மூடியபோது கூலி இழந்த குடும்பங்கள் நம் ஊரிலும் இருந்தன. நிபந்தனையை மதித்து, கரண்டு செலவு செய்து சுத்திகரிக்கிற பட்டறைக்காரருக்கும் இந்தக் கண்காணிப்பு நல்லதுதான். அவர் செலவு செய்யும்போது பக்கத்துக்காரன் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டு மலிவாக வேலை எடுத்தால், நஷ்டம் அவருக்கும்தானே!

நமது கோரிக்கைகள்

1. நொய்யல் தோன்றும் இடம் முதல் காவிரியில் சேரும் இடம் வரை ஒரே கண்காணிப்புக் குழு வேண்டும். அதில் ஆயக்கட்டு விவசாயிகளுக்கு இடம் வேண்டும்.

2. ஆற்றிலும் ஓடையிலும் மாதிரி எடுக்கும்போது அந்த ஊர் விவசாயி ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். மழை நாளிலும் இரவிலும் மாதிரி எடுக்க வேண்டும்.

3. ஆய்வறிக்கையின் நாலாவது நகல் ஊராட்சி அலுவலகத்துக்கு வர வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கிராம சபையில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.

4. தண்ணீர் லாரிகளுக்கும் ஆலை ஆழ்குழாய்களுக்கும் மீட்டர் பொருத்தி, மாதக் கணக்கை ஊரறிய வெளியிட வேண்டும். விவசாயக் கிணறுகளில் கை வைக்கக் கூடாது.

5. பாசனக் கிணற்றில் ஈ.சி. 2,250ஐத் தாண்டினால், வழக்குக்குக் காத்திராமல் உடனே விசாரித்து நஷ்ட ஈடு வழங்க நிரந்தர ஏற்பாடு வேண்டும். பணம் மாசுபடுத்தியவரிடமிருந்து வர வேண்டும்.

6. ஆற்றோரக் கிராமங்களுக்கு மண், தண்ணீர்ப் பரிசோதனை இலவசமாகச் செய்து தர வேண்டும்.

அடுத்து வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கூடுவோம். வெறுங்கையோடு வராதீர்கள். வீட்டுக்கு ஒரு பாட்டில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், அதில் ஊர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு, கையில் இந்தக் கோரிக்கை நோட்டீஸ். நூறு ஊர்த் தண்ணீர் ஒரே மேஜையில் வரிசையாக நின்றால், அதைவிட நல்ல பேச்சாளர் வேண்டியதில்லை.

ஆற்றின் கணக்கை ஊரறியச் சொல்!
நாலாவது நகலை நமக்குத் தா!
லாரிக்கு மீட்டர் வை, ஏழை விவசாயியை விடு!
அமாவாசைதோறும் அளப்போம், அளந்ததை எழுதுவோம், எழுதியதைக் கேட்போம்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!